வன்னிப் பெருநிலத்தில் பல்கலைக்கழகக் கல்வி

1990 வரை, இலங்கையின் வடக்கில் உள்ள வன்னிப் பெருநிலத்தில் பிறந்த ஒருவர் பல்கலைக்கழகப் படிப்பை நாடினால் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தோன்றி 1952இல் பேராதனைக்கு இடம் மாறியது. வடக்கின் முதல் அரச பல்கலைக்கழக வளாகம் 1974இல் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் திறக்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவரானார். 1979இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்ற தனி நிறுவனமாயிற்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாணவருக்கு இவையெல்லாம் விடுதியில் தங்கியோ உறவினர் வீட்டில் ஒதுங்கியோ படிக்க வேண்டிய தூரங்கள்.

இன்று கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் ஆகிய பீடங்களும், வவுனியா பம்பைமடுவில் தனிப் பல்கலைக்கழகம் ஒன்றும் இயங்குகின்றன. இந்த மாற்றத்துக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. இடையில் இட ஒதுக்கீட்டுத் தகராறு, போர், இடம்பெயர்வு, மீள்குடியேற்றம் எல்லாம் வந்து போயின. இந்தக் காலத்தில் மாணவரின் பார்வையை மாற்றிய கற்கைநெறிகளுக்குள் ஒரு பொதுத்தன்மை உண்டு. பிள்ளைகள் பிறந்தது முதல் பார்த்துப் பழகிய குளம், வயல், மண், கிணறு ஆகியவற்றையே அவை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டன.

படித்த வாலிபரும் கமமும்

1945இல் வந்த இலவசக் கல்வியும் பின்னர் வந்த தாய்மொழிக் கல்வியும் வன்னிக் கிராமங்களில் பாடசாலைகளைப் பெருக்கின. எனினும் உயர்தர விஞ்ஞான வகுப்பும் ஆய்வுகூடமும் சில பாடசாலைகளிலேயே இருந்தன. வசதியுள்ள குடும்பங்கள் பிள்ளைகளை யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கல்லூரிகளுக்கு அனுப்பின. மற்றவர்களுக்கு வயலும் காடும் கடலும் இருந்தன.

மக்கள் நகர்வு எதிர்த் திசையிலும் நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டப்பட்டதும், 1930கள் முதல் குடாநாட்டிலிருந்து கமக்காரர் கிளிநொச்சியில் குடியேறினர். 1960களில் வேலையற்ற இளைஞருக்கெனப் படித்த வாலிபர் திட்டம் வந்தது. விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் பள்ளிப் படிப்பு முடித்தோருக்குக் காடு வெட்டிக் காணி வழங்கப்பட்டது. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தவரை மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போயின. 1977க்குப் பின் சந்தை திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்தது. கமத்துக்கும் படிப்புக்கும் உறவே இல்லை என்ற எண்ணத்தை இத்திட்டம் ஓரளவு அசைத்தது. ஆனால் குடியேறிய இளைஞர் மண்ணியலையும் நீர்ப்பாசனத்தையும் பாடமாகக் கற்றவர்களல்லர். அயலாரையும் விவசாயப் போதனாசிரியரையும் கேட்டுக் கேட்டே அவர்கள் தொழில் பழகினர்.

தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும்

1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதி முறை மாறியது. 1970இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளி பெற வேண்டியிருந்தபோது சிங்களமொழி மூல மாணவருக்கு 227 போதுமாயிருந்தது. அடுத்து மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்டவாரி ஒதுக்கீடும் சேர்ந்துகொண்டது. யாழ்ப்பாண மாணவருக்கு இது பேரிழப்பு. தமிழ் இளைஞரின் அரசியல் கொதிப்புக்கு இதுவும் ஒரு முதன்மைக் காரணம்.

வன்னியில் இதே மாவட்ட ஒதுக்கீடு வேறு விளைவைத் தந்தது. வவுனியா, மன்னார் போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் மாணவரால் விஞ்ஞான பீடங்களுக்குள் முன்னெப்போதும் இல்லாத அளவில் நுழைய முடிந்தது. நிர்வாக எல்லை இதில் பெரும் பங்கு வகித்தது. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல்தான். கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. அதுவரை பூநகரியிலோ பரந்தனிலோ பரீட்சை எழுதிய பிள்ளை, யாழ் நகரப் பெருங்கல்லூரிகளின் பிள்ளைகளோடு ஒரே ஒதுக்கீட்டுக்குள் போட்டியிட்டது. ஒரு கொள்கை ஓர் ஊரில் அநீதியாகவும் பக்கத்து ஊரில் வாய்ப்பாகவும் அமையக்கூடும் என்பதை வடக்கின் சமூகவியல், அரசியல் மாணவருக்கு உணர்த்த இதைவிடப் பொருத்தமான உள்ளூர் உதாரணம் கிடைப்பது அரிது.

மண்ணை விட்டுப் போன விவசாய பீடம்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கப்பட்டது. இடத் தெரிவுக்குத் தெளிவான காரணம் இருந்தது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல் பாறைக்குள் தேங்கும் மழைநீரைக் கிணற்றிலிருந்து இறைத்தே அங்கு வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் விளைகின்றன. வன்னியில் நீர் குளத்தில் தேங்கி, துருசு வழியே வாய்க்காலில் இறங்கித் தானாகவே வயலுக்குப் பாய்கிறது. நெல்லும் நீர்ப்பாசனமும் கால்நடையும் படிக்க ஏற்ற இடம் வன்னிதான்.

ஆனால் அதே 1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டது. பீடம் திருநெல்வேலிக்கு மாற்றப்பட்டது. குளத்துப் பாசனத்தைக் கிணற்று நிலத்தில் இருந்துகொண்டு கற்க வேண்டிய நிலை வந்தது. நீரோட்டக் கணக்கையும் மண் வகைப்பாட்டையும் புத்தகத்தில் படிக்கலாம். மேல்குளம் வான் பாய்ந்தால் கீழ்க்குளத்துக் கட்டு என்ன ஆகும் என்பதைக் கட்டில் நின்று பார்த்தால்தான் பிடிபடும். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தனர். அவர்களிற் பெருந்தொகையினர் கிளாலிக் கடல் கடந்து கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தனர். 1996இல் கிளிநொச்சி நகரும் போர்க்களமாயிற்று. பீடம் தன் மண்ணுக்குத் திரும்பப் போர் முடியும்வரை காத்திருக்க நேர்ந்தது.

வவுனியா வளாகம்

தெற்கில் 1980களின் இறுதியில் நடந்த இளைஞர் கிளர்ச்சிக்குப் பிறகு, பல்கலைக்கழக இடம் கிடைக்காத இளைஞருக்கெனப் புதிய ஏற்பாடொன்றை அரசு செய்தது. 1991இல் மாகாணந்தோறும் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகள் உருவாகி, தொழில் சார்ந்த இரண்டாண்டு டிப்ளோமாக்களை வழங்கின. வட மாகாணக் கல்லூரி வவுனியாவில் அமைந்தது. இக்கல்லூரிகளிற் சில பின்னர் ரஜரட்ட, சப்ரகமுவ பல்கலைக்கழகங்களாயின. வவுனியாக் கல்லூரி 1997 ஏப்ரல் 1ஆம் திகதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகத் தரமுயர்ந்தது. பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள் என இரண்டு பீடங்கள் இருந்தன.

வளாகம் தொடங்கிய ஆறாவது வார முடிவில், 1997 மே 13இல், வவுனியாவிலிருந்து ஏ9 வீதி வழியே ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கை ஆரம்பமானது. வவுனியா போர்முனையின் பின்தளமாயிற்று. வடக்கிலிருந்து வந்த தமிழர் நகரில் தங்கவும் தெற்கே போகவும் 'பாஸ்' எனும் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. நகரின் பல மூலைகளில் சிதறிய கட்டிடங்களில் வகுப்புகள் நடந்தன.

இந்தச் சூழலில் இரண்டு விடயங்கள் மாணவரை மாற்றின. முதலாவது, வகுப்பறையின் கலவை. சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர் ஒரே வகுப்பில் ஆங்கிலமொழி மூலம் படிப்பது யாழ்ப்பாணத்தில் நின்றுபோயிருந்தது; இங்கு அது சாத்தியமானது. உயர்தரம் வரை தாய்மொழியில் படித்த எல்லோருக்கும் ஆங்கிலம் சம அளவில் சிரமம் தந்தது. குறிப்பு எழுதுவதிலும் ஆய்வுகூடக் குழுவிலும் ஒருவர் மற்றவரின் உதவியை நாட வேண்டியிருந்தது. வெளியே சோதனைச்சாவடியில் இனம் பார்த்து வரிசை பிரிந்த காலத்தில் இது சிறிய விடயமல்ல.

இரண்டாவது, பாடத்தெரிவு. பிரயோக விஞ்ஞான பீடம் கணிதத்தையும் கணினியையும் கற்பித்ததோடு சுற்றாடல் விஞ்ஞானத்தைத் தனிப் பட்டநெறியாகவும் ஏற்றது. உலக அளவில் இத்துறை 1972 ஸ்டொக்ஹோம் மாநாட்டுக்கும் 1977 திபிலிசிப் பிரகடனத்துக்கும் பிறகு வேகமாக வளர்ந்தது. இந்தியாவில் 1991இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின் தொடர்ச்சியாக, 2000களின் நடுவிலிருந்து எல்லா இளநிலைப் பட்டப்படிப்பு மாணவரும் சுற்றுச்சூழல் தாள் ஒன்றைக் கட்டாயம் எழுதினர். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அது பெரும்பாலும் ஒரு பருவத்தில் முடியும் பொதுப்பாடம். வவுனியாவில் அதுவே முழுப் பட்டப்படிப்பு. களம் வாசலிலேயே இருந்தது. காட்டோரக் கமங்களில் யானை இறங்கியது. வட மத்திய மாகாணத்தில் 1990களில் அடையாளங் காணப்பட்ட, காரணம் துலங்காத சிறுநீரக நோய் வவுனியாக் கிராமங்களிலும் பரவியது. கிணற்று நீரின் புளோரைட்டு, உவர்ப்பு, கடினத்தன்மை ஆகியவை ஆய்வுகூட அட்டவணையில் எண்களாக மாறின. சொந்த வீட்டுக் கிணற்று நீரை மாதிரியாகக் கொண்டு வரும் மாணவருக்கு, உவர் என்று நாக்கு சொன்னதை மின்கடத்துதிறன்மானி ஓர் அளவாகக் காட்டுகிறது. அந்த எண்ணை அடுத்த ஊர்க் கிணற்றோடும், கோடைக்கால அளவை மாரிக்கால அளவோடும் ஒப்பிடும்போது வீட்டின் தனிப் பிரச்சினையாக இருந்தது நிலத்தடி நீரின் கதையாக விரிகிறது.

அமெரிக்கக் கல்வியியலாளர் ஜாக் மெசிரோ 1978இல் எழுதிய ஆய்வொன்று இதை விளங்கிக்கொள்ள உதவும். இடைநின்ற படிப்பைத் தொடரக் கல்லூரிக்குத் திரும்பிய பெண்களை ஆராய்ந்த அவர், புதிய தகவல் சேர்வதால் மட்டும் பார்வை மாறுவதில்லை, இயல்பென்று எடுத்துக்கொண்டதைக் கேள்விக்குட்படுத்த நேரும்போதே அது மாறுகிறது என்றார்.

மண்ணுக்கு அடியில் இருந்த வரலாறு

வன்னியைக் காடு, மலேரியா, குடியேற்றம் என்ற மூன்று சொற்களுக்குள் அடக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறை இதைத் திருத்தியது. பேராசிரியர் கா. இந்திரபாலாவின் குழு 1980இல் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் பெருங்கற்கால எச்சங்களைக் கண்டெடுத்தபின், வடக்கில் களத்துக்குப் போய்த் தேடும் தொல்லியல் பயிற்சி வேரூன்றியது. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கரையில் மேற்கொண்ட கள ஆய்வு 1993இல் 'பூநகரி தொல்பொருளாய்வு' என்ற நூலாக வந்தது. மண்ணித்தலை, பரமன்கிராய் போன்ற இடங்களின் கறுப்பு-சிவப்பு மட்பாண்டத் துண்டுகளும் எழுத்துப் பொறித்த ஓடுகளும் நாணயங்களும் அப்பகுதியின் தொன்மையைக் கிறிஸ்துவுக்கு முன் கொண்டுசென்றன. வன்னிச் சிற்றரசுகள் பற்றி பேராசிரியர் சி. பத்மநாதன் 1970லேயே 'வன்னியர்' நூலை வெளியிட்டிருந்தார்.

இன்னும் ஆழத்தில், இரணைமடுவின் பெயரையே தாங்கிய நிலவியற் படிவு ஒன்று உண்டு. சரளையும் செம்மண்ணும் கொண்ட 'இரணைமடுப் படிவு' இலங்கையின் வரண்ட கரையோரப் பகுதிகளில் காணப்படுகிறது. அதில் கற்கால மனிதரின் படிகக்கல் கருவிகள் கிடைக்கின்றன. சிரான் தெரணியகலவின் 1992ஆம் ஆண்டு ஆய்வின்படி அதன் பழைய அடுக்குகள் ஓர் இலட்சம் ஆண்டுகளுக்கும் முந்தியவை. வீதி போடக் கிறவல் தோண்டும் குழியில் இப்படியொரு காலவரிசை புதைந்திருக்கிறது என்று அறியும் மாணவர், 'குடியேற்ற நிலம்' என்ற பெயரை முன்போல எளிதாக ஏற்கமாட்டார்.

அறிவியல்நகர்

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. வன்னி மக்கள் செட்டிகுளம் மெனிக்பாம் முதலிய முகாம்களில் அடைபட்டனர். உயர்தர மாணவர் அந்த ஆண்டுப் பரீட்சையை முகாமில் இருந்தே எழுதினர். பம்பைமடுவில் வவுனியா வளாக மாணவியருக்கெனக் கட்டப்பட்ட விடுதி, முன்னாள் பெண் போராளிகளின் புனர்வாழ்வு நிலையமாகப் பயன்பட்டது. மெனிக்பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது.

அதன் பிறகு கிளிநொச்சி நகருக்குத் தெற்கே, ஏ9 வீதியோரம், அறிவியல்நகரில் கட்டிடங்கள் எழுந்தன. விவசாய பீடம் திரும்பி வந்தது. பொறியியல் பீடம் புதிதாகத் தொடங்கியது. இவ்விரண்டின் கட்டிடங்களுக்கும் கருவிகளுக்கும் இந்திய அரசு நிதி உதவியது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு அறிமுகமானதைத் தொடர்ந்து 2016இல் தொழில்நுட்ப பீடமும் சேர்ந்தது.

விவசாய மாணவருக்குப் பண்ணைப் பயிற்சி கட்டாயம். பாத்தி கட்டி, விதைத்து, நீர் பாய்ச்சி, களை பிடுங்கி, அறுவடைக் கணக்கு எழுத வேண்டும். கமக்குடும்பத்துப் பிள்ளைக்கு இதில் வேலை புதிதல்ல. ஒவ்வொரு வேலைக்கும் செலவும் விளைவும் எழுதிப் பார்ப்பது புதிது. விவசாய விரிவாக்கப் பாடத்தில் கிராமத்தை மக்களோடு சேர்ந்து ஆராயும் முறை கற்பிக்கப்படுகிறது. 1980களில் தாய்லாந்து, இந்தியா, கென்யா போன்ற நாடுகளில் வளர்ந்து, றொபேட் சேம்பர்ஸ் போன்றோரால் பரவிய முறை இது. குளக்கட்டிலிருந்து துருசு, வாய்க்கால், மேல்வயல், கீழ்வயல் என்று நேர்கோட்டில் நடந்து, வழியில் மண், பயிர், மரம், வீடு எல்லாவற்றையும் குறித்து, கமக்காரரைக் கொண்டே படம் வரைவிப்பார்கள். வாய்க்காலின் தலைப்பில் உள்ளவர் தண்ணீர் போதும் என்பார்; கடைசி வயற்காரர் வந்து சேரவில்லை என்பார். இருவரும் சொல்வது உண்மை என்று விளங்கும் இடத்தில் நீர்ப்பாசனம் சமூகப் பாடமாகவும் மாறுகிறது. வன்னியில் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கொட்டுகிறது. காலபோகம் அதை நம்பியது. சிறுபோகம் குளத்தில் மிஞ்சியதை நம்பியது. எனவே சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது, யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது கூட்டம் கூடித் தீர்மானிக்கும் காரியம்.

2010களில் இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் எழுந்தபோது இப்பாடம் ஊர்ப் பிரச்சினையாகவே முன்னே வந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் அமைந்த அத்திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். சிறுபோகத்துக்கே போதாத நீர் என்பது அவர்கள் வாதம். மாசடைந்த கிணறுகளை நம்பி எவ்வளவு காலம் என்பது குடாநாட்டின் கேள்வி. முடிவில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை அமைந்தது. பொறியியல் கணக்கு, பயிர்க் கணக்கு, உரிமைக் கணக்கு மூன்றும் ஒரே குளத்தில் மோதிய சம்பவம் இது. 2018 டிசெம்பரில் அதே குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சி வெள்ளத்தில் மூழ்கியபோது, அதிக நீரும் அதே அளவு சிக்கலானது என்பது தெரிந்தது.

வவுனியாப் பல்கலைக்கழகம்

2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஏற்கெனவே இருந்த இரண்டு பீடங்களோடு தொழில்நுட்பக் கற்கைகள் பீடமும் இணைந்தது. 1991இன் டிப்ளோமாக் கல்லூரி பல்கலைக்கழகமாக முப்பது ஆண்டுகள் எடுத்தன. தேசிய அனுமதி முறைப்படி மாணவர் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வருகின்றனர். படிக்கப் புறப்பட்டுப் போக வேண்டியிருந்த நிலம், இப்போது காலியிலிருந்தும் கண்டியிலிருந்தும் படிக்க வருவோரை ஏற்கிறது.

விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம், பிரயோக விஞ்ஞானம், வியாபாரம் என்று வன்னியில் அமைந்தவை அனைத்தும் தொழில் நோக்கிய பீடங்களே. வவுனியாப் பல்கலைக்கழகத்தின் தொடக்கப் பீடங்களில் கலைப்பீடம் இல்லை. குளத்தின் நீரை அளக்கவும் வயலின் மண்ணைச் சோதிக்கவும் வன்னி மாணவர் ஊரிலேயே படிக்கலாம். அந்தக் குளத்தைக் கட்டியோரின் வரலாற்றையும் அதனைச் சூழ்ந்த தொல்லியலையும் பட்டப் பாடமாகக் கற்க யாழ்ப்பாணத்துக்கோ அதற்கும் அப்பாலோதான் செல்ல வேண்டும்.