மேயர் இல்லாத ஊரில் மர்பி

பெங்களூரு தண்டுப் பகுதிக்கு, அதாவது சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷனுக்கு, ஆங்கிலேயர் காலத்தில் முனிசிபாலிட்டி உண்டு. ஆனால் கடைசிச் சொல் ஆங்கிலேய அரசின் பிரதிநிதியான ரெசிடென்டுடையது. நகர முனிசிபாலிட்டியோடு அது இணைந்து மாநகராட்சியானதும் மேயர் வந்ததும் 1949-இல்தான். ஆகவே மேயர் இல்லாத அந்நாளில் அல்சூர்ப் பக்கத்து ஏழைகளுக்குப் பொதுச்சேவை என்றால் அது பொறியாளர் டபிள்யூ. எச். மர்பி வரைந்த மனைப்பிரிவுதான். நாக்ஸ்பேட்டை எனப்பட்ட அந்தக் குடியிருப்பு மர்பி டவுன் ஆனது அவர் பெயரால்.

சம்பளத்துக்குச் செய்த வேலைக்கு எதற்குப் புகழ் என்று கேட்கலாம். நியாயந்தான். ஆனால் நாக்ஸ்பேட்டை என்ற பெயரும் ஓர் அதிகாரியுடையதே. அது வழக்கொழிந்தது, மர்பி நிலைத்தார். அன்னியப் பெயரை ஜனங்கள் வெறுத்திருந்தால் இரண்டுமே போயிருக்கும். பதவியைவிடக் குடியிருக்கும் வீடும் தெருவும்தான் அவர்களுக்கு முக்கியம். மர்பி வாக்குக் கேட்டு வந்தவரல்லர் என்பதும் உண்மை. அன்று அங்கே குடியிருந்த ஏழையிடம் கேட்க வாக்கும் பெரும்பாலும் இல்லை.