மணல் தொட்டியும் காலி மனையும்

ஐந்து வயதுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஊர் பார்க்கக் கிளம்புகிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்து கொள்வது நல்லது. அவர்கள் அரண்மனையையும் பார்க்கப் போவதில்லை, சித்திரசாலையையும் பார்க்கப் போவதில்லை. அந்த ஊரில் எத்தனை சறுக்கு மரம், எத்தனை மணல் தொட்டி என்று எண்ணிவிட்டு வரப் போகிறார்கள். சில வருஷங்களுக்கு முன்பு ஆம்ஸ்டர்டாமில் எனக்கு நேர்ந்தது இதுதான். ரெம்பிராண்டின் படங்களைப் பார்க்கப் போன என்னை, என் பேத்தி தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போனாள். நஷ்டம் ஒன்றுமில்லை. அந்நகரத்துச் சரித்திரத்தில் ஒரு பகுதி அந்த மணல் தொட்டிகளின் அடியில்தான் கிடக்கிறது.

1940-ம் வருஷம் மே மாதத்தில் ஜெர்மானியப் படை ஹாலந்துக்குள் புகுந்தது. அப்போது ஆம்ஸ்டர்டாமில் சுமார் 80,000 யூதர்கள் வாழ்ந்து வந்தார்கள். மறு வருஷம் செப்டம்பரில் ஓர் உத்தரவு பிறந்தது. யூதர்கள் பூங்காவுக்குள் வரக்கூடாது. மிருகக்காட்சி சாலைக்குள் வரக்கூடாது. யூதக் குழந்தைகள் மற்றக் குழந்தைகளோடு உட்கார்ந்து படிக்கவும் கூடாது. அறியாப் பிள்ளைகள் மீது ஒரு சாம்ராஜ்யத்துக்கு எத்தனை பயம் பாருங்கள்! 1942 ஜூலையிலிருந்து அவர்களைக் குடும்பம் குடும்பமாக ரயிலேற்றிக் கிழக்கே கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர்.

வீடுகள் காலியாக நின்றன. 1944-ம் வருஷக் கடைசியில் தொடங்கிய குளிர் காலத்துக்குப் 'பசிக் குளிர்காலம்' என்றே டச்சுக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ரொட்டி இல்லை, கரி இல்லை. நடுங்கிப்போன ஜனங்கள் அந்தக் காலி வீடுகளுக்குள் புகுந்து கதவு, மாடிப்படி, உத்தரம் என்று அகப்பட்ட மரத்தையெல்லாம் பெயர்த்து அடுப்பில் வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உத்தரம் போன வீடு எத்தனை நாள் நிற்கும்? பல இடிந்து விழுந்தன. பல்லுப் போன வாயைப் போலத் தெருக்களில் பொக்கை விழுந்தது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் நகரசபையில் ஆல்டோ வான் ஐக் என்ற 28 வயது இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே மேலதிகாரியாக இருந்தவர் யாகோபா முல்டர் என்ற அம்மையார். பேட்டைக்குப் பேட்டை குழந்தைகளுக்கு ஓர் இடம் வேண்டும் என்பது அந்த அம்மாளின் எண்ணம். 1947-ல் பெர்ட்டெல்மான் சதுக்கத்தில் முதல் இடம் தயாராயிற்று. பிரமாதமாக ஒன்றுமில்லை: ஒரு மணல் தொட்டி, குட்டிக்கரணம் போட இரும்புக் கம்பிகள், சில பெஞ்சுகள். தொட்டியின் விளிம்பை மட்டும் அகலமாகக் கட்டியிருந்தார். தாய்மார் உட்காரலாம், குழந்தைகள் மணலில் செய்த பணியாரத்தை வரிசையாக வைத்து வியாபாரமும் நடத்தலாம்!

'எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும்' என்று நகரசபைக்குக் கடிதம் வர ஆரம்பித்தது. 1978-க்குள் எழுநூறுக்கு மேற்பட்ட இடங்கள் உருவாகிவிட்டன. யானை, ஒட்டகம் போன்ற பொம்மை உருவங்களை வான் ஐக் வைக்கவில்லை. வட்டக் கல்லும் வளைந்த கம்பியும் என்னவாக வேண்டுமென்று தீர்மானிப்பது குழந்தையின் வேலை அல்லவா? பெரும்பாலும் வேலியும் கிடையாது. பனி பெய்த அன்று மட்டும் நகரம் முழுவதும் குழந்தைகளுக்குச் சொந்தமாகிவிடுகிறது, பனியைப் போல உருகிவிடாத ஒன்றை அவர்களுக்குத் தர வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்தப் பொக்கைகளில்தான் பல மணல் தொட்டிகள் முளைத்தன. யூதர் பேட்டையின் ஓரத்தில் டைக்ஸ்ட்ராட் என்ற தெரு. அங்கே இரு வீடுகளுக்கு நடுவேயிருந்த ஒடுக்கமான மனையில் 1954-ல் ஒன்றை அமைத்தார். இதெல்லாம் முறையா என்று யாரும் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். காலி மனையில் வியாபாரக் கட்டிடம் எழுந்திருந்தால் மட்டும் மனம் ஆறியிருக்குமா? குழந்தைகளைத் துரத்திய ஊரில் குழந்தைகள் கூச்சலிடுவது எனக்குத் தப்பாகப் படவில்லை. வருத்தம் என்னவென்றால், பனியைப் போல உருகாது என்று அவர் நினைத்தவற்றிலும் பெரும்பாலானவை இப்போது இல்லை.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. வண்டிகள் போவதற்கென்று தோண்டி, பிறகு மூடிப்போட்ட ஒரு சுரங்கப் பாதையைக் குழந்தைகள் விளையாடும் கூடமாக்கியிருந்தார்கள். அதற்குள் ஒதுங்கினோம். வாசலுக்கு எதிரே 1675-ல் கட்டிய யூதர் ஆலயம் நனைந்து கொண்டிருந்தது. மேலே இருப்பது விஸர் சதுக்கம். அந்த விஸர் நாட்டின் உச்ச நீதிமன்றத் தலைவராக இருந்தவர், யூதர் என்பதற்காக ஜெர்மானியர் அவரைப் பதவியிலிருந்து விலக்கினார்கள், 1942-ல் காலமானார்.

"தாத்தா, இன்னும் ஒரே ஒரு தடவை!" என்றாள் பேத்தி. சதுக்கத்தின் பெயரைப் பற்றி அவள் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. அவளுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.