பாரடே கூண்டு எதை அளந்தது? மின்காந்த மறைப்புச் சோதனையின் தொடக்கம் பற்றி

மின்காந்த மறைப்புச் சோதனையின் வரலாறு வழக்கமாக பாரடேயின் 1836ஆம் ஆண்டுக் கூண்டிலிருந்து தொடங்கும். அந்தக் கூண்டை நாம் பெரும்பாலும் ரிச்சர்ட் ஃபைன்மனின் கண்ணால்தான் பார்க்கிறோம். 1964இல் வெளிவந்த அவருடைய இயற்பியல் விரிவுரைகளின் இரண்டாம் தொகுதி, ஏழாம் அத்தியாயத்தில் அவர் தரும் கணக்குப்படி, கம்பிவலையைத் தாண்டியதும் புலத்தின் ஏற்ற இறக்கம் அடுக்குக்குறி வேகத்தில் மங்குகிறது. டெசிபலில் சொன்னால், ஒரு கம்பி இடைவெளி அளவு விலகும்போதே ஏறத்தாழ 55 டெசிபல் குறைவு. ஆகவே கனத்த செம்புத் தகடு வேண்டியதில்லை, மலிவான செம்புவலையே பெரும்பாலும் போதும் என்று முடிக்கிறார்.

கணக்கில் பிழையில்லை, பொருத்திய இடம்தான் பிழை. எல்லாக் கம்பிகளிலும் ஒரே அளவு மின்னூட்டம் இருப்பதாக அவர் கொள்கிறார். உண்மையான கூண்டில் சமமாக இருப்பது மின்னழுத்தம். மின்னூட்டம் கம்பிக்குக் கம்பி மாறும். சாப்மன், ஹியூவிட், டிரெஃபெதன் மூவரும் 2015இல் இதைச் சுட்டிக்காட்டினர். அவர்கள் கணக்கில், உள்ளே கசியும் புலம் இடைவெளியோடு நேர்விகிதமாகவே குறைகிறது. இடைவெளியையும் கம்பித் தடிப்பையும் ஒருசேரப் பாதியாக்கினாலும் லாபம் சுமார் 6 டெசிபல்தான். கம்பித் தடிப்பு மடக்கை வடிவில் நுழைவதை மாக்ஸ்வெல் 1873லேயே எழுதிவிட்டார். அது பாடநூல்களுக்குள் வராமல் போனது வியப்பே.

என் கருத்துவேறுபாடு இன்னும் ஒரு படி பின்னே செல்கிறது. பாரடே கட்டியது வெறும் கம்பிவலையே அன்று. அவருடைய மின்னியல் ஆய்வுக் கட்டுரைகளில் பதினோராம் தொடரின் (1838) 1173ஆம் பத்தியைப் பாருங்கள்: 12 அடி கனசதுர மரச்சட்டம், குறுக்கும் நெடுக்கும் செம்புக்கம்பி, அதன்மேல் முழுக்கக் காகிதம், எல்லாத் திசையிலும் வெள்ளீயத் தகட்டுப் பட்டைகள். எங்கும் நல்ல உலோகத் தொடர்பு வேண்டும் என்பதே பட்டைகளுக்கு அவர் சொல்லும் காரணம். கம்பி மட்டும் போதாது என்று அவர் கருதினார் என்றே இதைப் படிக்கிறேன். சான்று ஒற்றை வாக்கியம்தான். ஆனால் கம்பியே போதுமென நினைத்தவர் 12 அடிக் கூண்டு முழுவதும் பட்டை ஒட்டுவானேன்?

நோக்கமும் வேறு. கண்ணாடிக் குழாய்வழிக் கம்பியை உள்ளே செலுத்தி, கூண்டுக்குள் இருக்கும் காற்றுக்குத் தனித்த மின்னூட்டம் ஏற்ற முடியுமா என்பதே முதல் கேள்வி. அடுத்த பத்தியில்தான் அவர் மெழுகுவத்தியோடும் எலக்ட்ரோமீட்டரோடும் உள்ளே போகிறார். வெளிப்புறத்தில் தீப்பொறி பறக்க, உள்ளே எந்தப் பாதிப்பும் இல்லை என்கிறார். இது சுழி முடிவு. கருவியின் நுட்பத்துக்குக் கீழே எவ்வளவு புலம் இருந்தது என்பதை அது சொல்லாது. வலையின் திறனுக்கு அதை அளவுச்சான்றாக்குவது சரியல்ல.

அளவு வேண்டுமானால் ஒப்பீடு வேண்டும். 1956இன் அமெரிக்க ராணுவத் தரநிலை மில்-எஸ்டிடி-285, இடையில் சுவர் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஆன்டெனா பெறும் அளவை ஒப்பிட்டது. பிளாஸ்டிக் பெட்டிக் கணினிகளின் காலத்தில் வந்த ஏஎஸ்டிஎம் டி4935 (1989) இன்னும் நுணுக்கமானது: 30 மெகாஹெர்ட்ஸ் முதல் 1.5 கிகாஹெர்ட்ஸ் வரை, ஒருமைய மின்கடத்திப் பிடிப்பானுக்குள் மாதிரியை வைக்கும் முறை. அதன் ஒப்பீட்டு மாதிரி வெற்றிடமன்று. அதே பொருளில் வெட்டிய நடுவட்டும் வெளிவளையமும் பிடிப்பானின் விளிம்புகளுக்கிடையே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மட்டும் பொருள் கிடையாது. தொடுமுனையின் மின்தேக்க விளைவு இரு அளவீட்டிலும் ஒன்றேயாவதால், வேறுபாட்டில் மிஞ்சுவது பொருளின் பங்கு.

பாரடேயின் கூண்டுக்கு இத்தகைய எண் தர இயலாது. 1173ஆம் பத்தியில் கம்பி இடைவெளியும் இல்லை, தடிப்பும் இல்லை, பட்டைகளின் அகலமும் இல்லை.