இருமலைத் தட்டில் பிடித்த டீச்சரம்மாக்கள்

நம்மூரில் கக்குவான் இருமல். இங்கே வடக்கே வந்தால் அதுவே 'காலி காஞ்சி', அதாவது கறுப்பு இருமல். பேர் எதுவானாலும் ஆள் ஒன்றுதான். தொல்லை என்னவென்றால், முதல் ஓரிரு வாரம் அது சாதாரண ஜலதோஷம் மாதிரியே நடிக்கும். 'ஹூப்' என்று மூச்சை இழுக்கும் சத்தம் கேட்பதற்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஒட்டியிருக்கும்.

கிருமியை முதலில் வளர்த்துக் காட்டியவர்கள் பெல்ஜியத்தின் போர்டேவும் ஜாங்கூவும். ஆண்டு 1906. உருளைக்கிழங்குச் சாறு, கிளிசரின், ரத்தம் மூன்றையும் கலந்த கூழில்தான் அந்தக் கிருமி முளைத்தது!

எனக்குப் பிடித்த கதை அதற்குப் பிறகு வருவது. 1932, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ். பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த நேரம். பேர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்று இரண்டு பெண்கள். முன்னாள் பள்ளி ஆசிரியைகள், சின்ன வயதில் இருவருக்குமே கக்குவான் வந்திருக்கிறது. பகலில் அரசு ஆய்வக வேலை. மாலையில் வீடு வீடாகப் போய், பிள்ளைகளைக் கூழ்த்தட்டின் மேல் இருமச் சொல்வார்கள். சில நாளில் பாதரசத் துளி மாதிரி புள்ளிகள் எழும்பினால் கக்குவான்தான். ஐந்து வாரம் தாண்டினால் பெரும்பாலான பிள்ளைகளின் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. பிள்ளையை எத்தனை நாள் தனியே வைக்கவேண்டும் என்ற கேள்விக்கு இப்படித்தான் விடை வந்தது. அந்தத் தட்டுகளில் கிடைத்த கிருமியிலிருந்தே தடுப்பூசியும் செய்து, 1934ல் சோதிக்கத் தொடங்கினார்கள்.

பிறகு பி.சி.ஆர். வந்தது. வேகம் அதிகம், ஆனால் தனியாக நம்பினால் வம்பு. 2006ல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு மருத்துவமனையில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கக்குவான் என்று பி.சி.ஆரை வைத்துச் சொன்னார்கள். கிருமியை வளர்த்துப் பார்த்தால் ஒருவரிடமும் இல்லை! பழைய தட்டுதான் உண்மையைச் சொன்னது.

அதனால் மக்களே, பிள்ளையின் இருமல் சந்தேகமாக இருந்தால் சீக்கிரம் டாக்டரிடம் போங்கள். மூக்கின் பின்புறத்திலிருந்து எடுக்கும் மாதிரியில் கிருமியை வளர்க்க முதல் இரண்டு வாரம்தான் நல்ல நேரம். பி.சி.ஆருக்கு நான்கு வாரம் வரை. அதற்கும் மேலே போனால் ரத்தப் பரிசோதனைதான். கைக்குழந்தை என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள், சில சமயம் இருமலே இல்லாமல் மூச்சு நின்றுபோகும்.

வேலை மாறி ஊர் மாறும்போது கேஸ் புத்தகத்தைப் பத்திரமாக எடுத்து வைக்கிறோம். தடுப்பூசி அட்டையையும் அதோடு வையுங்கள். ஒன்றரை வயது, ஐந்து வயது ஊசிகள்தான் பெரும்பாலும் மாற்றலில் விட்டுப்போகின்றன.