கேமரா ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்: சர்வைவல் ஹாரர் கேம்களின் கதை

எங்க ஊரு கிளியனூர். அங்கிருந்து கிழக்கே கடலைப் பார்த்துப் போனா மரக்காணம் உப்பளம். கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் வெட்டவெளி. ஆனா இருட்டுற நேரத்துல பாத்திகளுக்கு நடுவுல இருக்கிற வரப்புல நடந்து பாருங்க. பின்னாடி ஒரு நாய் குரைச்சா ஓடவும் முடியாது, சட்டுனு திரும்பவும் முடியாது. வழுக்கிடும். அந்தப் பயம் இருட்டுல பாதி, நம்ம கால்ல பாதி. சர்வைவல் ஹாரர் கேம்களின் வரலாறும் இந்த ரெண்டு பாதிக்கு நடுவுல நடந்ததுதான்.

1992-ல பிரான்சிலிருந்து 'அலோன் இன் த டார்க்' வந்தது. ஒரு பழைய மாளிகை, அசையாத கேமரா. 1996-ல ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில்' அதே வழியைப் பிடித்தது. இயக்குநர் ஷின்ஜி மிகாமி முதலில் யோசித்தது கதாபாத்திரத்தின் கண் வழியாகப் பார்க்கும் கேம். ஆனா பிளேஸ்டேஷனில் இருந்த மெமரி வெறும் 2 எம்பி. முழு மாளிகையையும் 3டி-யில் நேரடியாக வரைந்துகொண்டே இருக்க அது போதாது. அதனால் அறைகளை முன்கூட்டியே படங்களாகச் செய்து வைத்துவிட்டு, அதுக்கு மேல 3டி மனுஷங்களை நடக்கவிட்டாங்க.

இங்கதான் ஒரு சிக்கல். நாலடி நடந்தா கேமரா கோணம் மாறும். திரையில் இடது பக்கமா இருந்தது திடீர்னு வலது பக்கமாகிடும். கேமராவை வைத்துத் திசையை முடிவு செய்தால், ஆள் வந்த வழியே திரும்பிப் போயிடுவார். அதுக்குத் தீர்வுதான் 'டேங்க் கன்ட்ரோல்'. மேல் பட்டனை அழுத்தினால், கேமரா எங்கே இருந்தாலும் அவர் முகம் பார்க்கும் திசையில் நடப்பார். இடது, வலது பட்டன்கள் ஆளைத் திருப்புவதற்கு மட்டும். குறுகலான தாழ்வாரத்தில் ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய் பாயுது, நாம லாரி மாதிரி மெதுவா திரும்பிட்டு இருக்கோம். பயம் வராம என்ன செய்யும்?

1999-ல வந்த 'சைலன்ட் ஹில்' மாளிகையை விட்டு ஒரு ஊருக்கே போனது. தொலைவில் இருப்பதை வரைய மெஷினுக்குத் தெம்பில்லை. அதை மூடுபனி மறைத்தது, அந்தப் பனியே பயமானது. அதே வருஷம் 'ரெசிடென்ட் ஈவில் 3' சட்டுனு பின்னால் திரும்பும் வசதியைத் தந்தது. சும்மா தரல. கதவைத் தாண்டியும் துரத்தி வரும் நெமசிஸையும் சேர்த்தே அனுப்பினாங்க.

2005-ல 'ரெசிடென்ட் ஈவில் 4' கேமராவைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தது. பகல் வெளிச்சம், திறந்த கிராமம், எல்லாமே தெரியுது. ஆனா துப்பாக்கியைக் குறிவைத்தால் நடக்க முடியாது. நம்ம உப்பள வரப்பு மாதிரியே.

முதல் கேமின் 2002 மறு உருவாக்கம் 2015-ல எச்டி-யில் வந்தபோது, நாம் தள்ளும் திசையிலேயே ஓடும் புதிய கன்ட்ரோலும் கிடைத்தது. நானும் ஆசையா மாத்திப் பார்த்தேன். ஜோம்பிகளைச் சுலபமா சுத்திட்டுப் போயிட்டேன். மாளிகை அதேதான், பயம் மட்டும் பாதியா போச்சு.

ஒரு இன்ஜினியரா பார்த்தா டேங்க் கன்ட்ரோல் ஒரு குறைக்குப் போட்ட ஒட்டு. ஆனா இடத்தைத் திறந்தால் காலைக் கட்டணும், காலை அவிழ்த்தால் துரத்த ஒருத்தன் வரணும். ரெண்டையும் விட்டுட்டா மிஞ்சுறது வெறும் வாக்கிங்தான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே. வரப்புல பார்த்து நடங்க!