ஆட்டுக்கிடை: கரிசல் மண்ணின் நடமாடும் உரக்கிடங்கு... இப்போது இடம் கிடைக்காமல் தவிப்பது ஏன்?

அறுவடை முடிந்த மாதங்களில் சாத்தூரில் இருந்து ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை பக்கம் பஸ்ஸில் போனால், சாலையை மறித்தபடி ஒரு பெரிய ஆட்டு மந்தை கடந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். டிரைவர் ஹாரன் அடிப்பார், நாமும் அதோடு மறந்துவிடுவோம். ஆனால் அந்த மந்தை சும்மா அலையவில்லை. எந்த மாதம், எந்த ஊர், யாருடைய புஞ்சை என்று எல்லாமே முன்கூட்டியே பேசி முடிவானது.

2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல்காரர்களுக்குமான சர்வதேச ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்திருக்கிறது. நம்ம ஊர் கிடைக்காரர்களும் இதில் அடக்கம். அவர்கள் செய்வது என்ன, அவர்களுக்கு என்ன சிக்கல்? எளிமையாகப் பார்க்கலாம்.

கிடை போடுறதுன்னா என்ன?

பகலில் ஆடுகள் தரிசு, கண்மாய்க் கரை, அறுவடை முடிந்த நிலம் என்று மேயும். இரவில் ஒரு விவசாயியின் நிலத்தில் வலை கட்டி அடைத்து வைப்பார்கள். இதுதான் கிடை. சின்னக் குட்டிகளை மூங்கில் கூடை மாதிரி இருக்கும் குடாப்புக்குள் போட்டு மூடுவார்கள். ராத்திரி முழுக்கக் காவலும் இருக்கும். மறுநாள் அடைப்பைப் பக்கத்து இடத்துக்கு மாற்றுவார்கள். இப்படியே நிலம் முழுவதும் புழுக்கையும் மூத்திரமும் விழும். இதற்காக நிலத்துக்காரர் கிடைக்காரருக்குப் பணமோ தானியமோ தருவார்.

நிலத்துக்கு என்ன லாபம்?

ஆட்டு எருவில் சராசரியாக 3% தழைச்சத்து, 1% மணிச்சத்து, 2% சாம்பல்சத்து இருக்கிறது. வழக்கமான தொழுவுரத்தில் தழைச்சத்து 0.5% அளவில்தான் இருக்கும். கிடை போட்டால் மூத்திரத்தில் உள்ள சத்தும் நேராக மண்ணுக்குப் போய்விடும். எருவை வண்டியில் ஏற்றும் செலவும் இல்லை, இறக்கும் கூலியும் இல்லை. கிடை போட்ட கையோடு மேலாக உழுதுவிட்டால், சத்து வீணாகாமல் மண்ணோடு கலந்துவிடும்.

ஒரே இடத்தில் வைத்து வளர்க்கக் கூடாதா?

வளர்க்கலாம். ஆனால் தீவனத்தை விலைக்கு வாங்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்தின் மானாவாரி விவசாயம் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் புஞ்சை முழுக்கப் பயிர் நிற்கும், கரிசல் மண் சேறாகிக் காலை வாரும். ஈரத்திலேயே நின்றால் ஆடுகளுக்குக் குளம்பு அழுகும். அதனால் அப்போது மேடான இடங்களுக்கும் செம்மண் பக்கமும் போவார்கள். அறுவடை முடிந்ததும் கரிசலுக்குத் திரும்புவார்கள். கோடையில் இங்கே புல் தீர்ந்துவிட்டால், பிசான நெல் அறுத்த தாமிரபரணி வயல்களுக்கு நடப்பார்கள். ராமநாதபுரம், சிவகங்கை பக்கத்து கீதாரிகள் தஞ்சாவூர் வரைக்கும் போவார்கள்.

அதாவது, மழை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி பெய்யாது. புல் இருக்கும் இடத்துக்கு ஆடு நடந்து போகிறது. வறண்ட நிலத்தில் பெரிய முதலீடு இல்லாமல் இறைச்சியும் உரமும் கிடைப்பது இந்த நடையால்தான்.

இந்த மண்ணின் ஆடுகள் எவை?

வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டுகளோடு இருக்கும் வேம்பூர் செம்மறி, கறுப்பு உடம்பும் முகத்தில் வெள்ளைக் கோடும் கொண்ட பால்கன்னி, பழுப்புக் கோடு கொண்ட செங்கன்னி. விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்கள்தான் இவற்றின் பூர்வீகம். வெயிலையும் நீண்ட நடையையும் தாங்கக்கூடியவை. கன்னி ஆடுகள் இரட்டைக் குட்டி போடுவதும் சகஜம்.

அப்போ சிக்கல் எங்கே?

* பாதை: தரிசுகளைச் சீமைக்கருவேலம் அடைத்துவிட்டது. நெற்றுகளை ஆடுகள் விரும்பித் தின்னும், விதை புழுக்கையோடு சேர்ந்து பரவும் என்பதும் உண்மை. பட்டாசு ஆலைகள் பாதுகாப்புக்காக இடைவெளி விட்டுக் கட்டப்படுவதால் மானாவாரி நிலம்தான் அதற்கும் தேவைப்படுகிறது. பக்கத்து மாவட்டத்தில், 2016-இல் வந்த கமுதி சூரிய மின் நிலையம் மட்டும் சுமார் 2,500 ஏக்கர். வேலி போட்ட இடத்தில் ஆடு நுழைய முடியாது, சுற்றித்தான் போகணும்.

* ஆள்: ராத்திரி பகல் பாராத வேலை, வெட்டவெளியில் தூக்கம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடர்ச்சியாக அமைவதில்லை. அடுத்த தலைமுறை தினக்கூலி கிடைக்கும் பட்டாசு, தீப்பெட்டி ஆலை வேலைக்குப் போவதில் ஆச்சரியம் இல்லை.

* நோய்: மழைக்காலத்தில் சிறு பூச்சிகள் பரப்பும் நீலநாக்கு நோய், ஆட்டுக்கொல்லி, ஆட்டம்மை எல்லாம் மந்தையையே காலி செய்யக்கூடியவை. தடுப்பூசி முகாம் சொந்த ஊரில் நடக்கும்போது மந்தை வேறு மாவட்டத்தில் நிற்கும்.

* விஷம்: மழையில்லாமல் வாடிய இளம் சோளப் பயிரில் சயனைடு நச்சு உருவாகும். பசியோடு போய் மேய்ந்தால் சில நிமிடங்களில் ஆடு சாகலாம்.

காட்டுக்குள் மேய்க்கலாமா?

மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலைமாடு வளர்ப்பவர்களின் பெரிய கேள்வி இது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் தமிழகக் காடுகள் அனைத்திலும் மாடு மேய்க்க சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதே மாதத்திலேயே, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகங்களுக்கு மட்டும் என்று அந்தத் தடையைத் திருத்தியது. மறுபக்கம், 2006 வன உரிமைச் சட்டம் இடம்பெயர்ந்து மேய்ப்பவர்களின் உரிமையையும் அங்கீகரிக்கிறது. வனவிலங்குக்கும் மேய்ச்சலுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பதுதான் இன்னும் தீராத பிரச்சினை.

என்ன செய்யலாம்?

ஸ்பெயினில் மந்தைகள் நடந்து போகும் பழைய பாதைகளைப் பொதுச் சொத்தாக 1995-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது. அந்தப் பாதைகளின் மொத்த நீளம் சுமார் 1,25,000 கிலோமீட்டர். இங்கே அந்த மாதிரி ஏற்பாடு இல்லை. ஆனால் ஒரு நல்ல தொடக்கம் இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய 21-வது கால்நடைக் கணக்கெடுப்பில்தான், இடம்பெயரும் மேய்ச்சல்காரர்களின் கால்நடைகள் முதல்முறையாகத் தனியாகக் கணக்கில் வந்தன. எத்தனை மந்தை எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தால், மேய்ச்சல் புறம்போக்கை மீட்கவும், போகும் வழியிலேயே தடுப்பூசி போடவும் திட்டமிடலாம்.

கிடைக்காரர்கள் உடனே பயன்படுத்தக்கூடியது ஒன்று உண்டு: 1962 என்ற இலவச எண். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை இதில் அழைக்கலாம். விவசாயிகள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: பக்கத்தில் கிடை நிற்கும்போது, பூச்சிமருந்து அடித்த வயல் எது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு தகவல் ஒரு மந்தையையே காப்பாற்றலாம்.