மாநிலங்களவை: தில்லியின் மூன்று இடங்களும் ஒன்றாகக் காலியாவது ஏன்?

புதுதில்லி: மாநிலங்களவையில் தில்லிக்குரிய 3 இடங்களும் 2018 ஜனவரியில் ஒன்றாக நிரப்பப்பட்டன, 2024 ஜனவரியிலும் அவ்வாறே. இரு முறையும் மூன்றையும் ஆம் ஆத்மி கட்சியே பெற்றது. 2025 பிப்ரவரியில் 70 தொகுதிகளில் 48-ஐ வென்று பாஜக ஆட்சிக்கு வந்தது. ஆயினும், இடையில் இடம் ஏதும் காலியானாலன்றி, புதிய சட்டப்பேரவை மாநிலங்களவைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க 2030 ஜனவரி வரை, அதாவது தனது ஐந்தாண்டுக் காலத்தின் இறுதி வாரங்கள் வரை, காத்திருக்க வேண்டும்.

மாநிலவாரியான இடங்களை அரசமைப்புச் சட்டத்தின் நான்காவது அட்டவணை நிர்ணயிக்கிறது. மக்கள்தொகையில் முதல் 50 லட்சம் வரை 10 லட்சத்துக்கு ஓர் இடம், அதற்கு மேல் 20 லட்சத்துக்கு ஓர் இடம் என்பதே தொடக்கத்தில் வகுக்கப்பட்ட கணக்கு. பெரிய மாநிலங்களின் ஆதிக்கத்தை ஓரளவு மட்டுப்படுத்தும் ஏற்பாடு இது. தற்போது உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழகத்துக்கு 18, கேரளத்துக்கு 9, சிக்கிமுக்கு 1 இடம் உள்ளன. தேர்ந்தெடுக்கப்படுவோர் மொத்தம் 233 பேர். நியமன உறுப்பினர்கள் 12 பேர்.

எத்தனை இடங்கள் என்பது குறித்தே விவாதங்கள் அதிகம் எழுகின்றன. அவை எப்போது காலியாகின்றன என்பதும் அதற்கு இணையான முக்கியத்துவம் உடையது. மாநிலங்களவை கலைக்கப்படுவதில்லை, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெற வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 83-ஆவது பிரிவு. உறுப்பினரின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். இந்தச் சுழற்சியைத் தொடங்கிவைப்பதற்காகவே 1952-இல் முதல் உறுப்பினர்களில் பலருக்குக் குறைந்த பதவிக்காலம் வழங்கப்பட்டது. தமிழகத்தின் இடங்கள் 2020, 2022, 2025 என ஆறு ஆறாக நிரப்பப்பட்டது அதன் தொடர்ச்சியே.

தில்லியின் நிலை வேறு. அங்கு 1993-இல் சட்டப்பேரவை அமைந்தபின், 1994 ஜனவரியில் மூவரும் சேர்ந்தே பொறுப்பேற்றனர். சேர்ந்து தொடங்கிய பதவிக்காலம் சேர்ந்தே முடிகிறது. இடைத்தேர்தலில் வருபவருக்கும் எஞ்சிய காலம் மட்டுமே கிடைக்கும் என்பதால், சுழற்சி தானாக மாற வழியில்லை.

அமெரிக்க செனட்டிலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத் தேர்தல் நடைபெறுகிறது. ஆனால் அங்கு ஒரு மாநிலத்தின் இரு இடங்களும் வெவ்வேறு பிரிவுகளில் வைக்கப்படுகின்றன; புதிய மாநிலம் சேர்ந்தால் குலுக்கல் முறையில் பிரிவு ஒதுக்கப்படும். இந்தியாவுக்கும் குலுக்கல் புதிதல்ல. 2014-இல் ஆந்திரம் பிரிக்கப்பட்டபோது, அதன் 18 இடங்களில் 11 ஆந்திரத்துக்கும் 7 தெலங்கானாவுக்கும் சென்றன. உறுப்பினர்களில் யார் எந்த மாநிலத்துக்கு என்பது குலுக்கல் மூலமே முடிவானது.

இடங்கள் ஒரே சமயத்தில் காலியாவதன் விளைவை மிகக் கடுமையாக உணர்ந்தது ஜம்மு-காஷ்மீர். அதன் நான்கு இடங்களும் 2021 பிப்ரவரியில் சில நாள்களுக்குள் காலியாகின. வாக்களிக்கச் சட்டப்பேரவை இல்லை. 2024 அக்டோபரில் பேரவை அமைந்து, 2025 அக்டோபரில் தேர்தல் நடைபெறும்வரை நான்கரை ஆண்டுகளுக்கும் மேலாக அந்த யூனியன் பிரதேசத்தின் சார்பில் மாநிலங்களவையில் ஒருவரும் இல்லை. புதிய உறுப்பினர்கள் நால்வரின் பதவிக்காலமும் 2031-இல் ஒன்றாகவே நிறைவடைகிறது.